நவுவா மலையிடுக்கில் விடை கேட்கப் போன கதை

என்னுடைய வலதுகால் ஷூ நவுவா ஆற்றுக்குள் கிடக்கிறது. காங்கேயம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வாங்கிய அசல் தோல் ஷூ. வெளிநாடு போகிறோமே என்று இரண்டு தடவை பாலிஷ் போட்டு எடுத்துப் போயிருந்தேன். ஆறு ஒரே இழுப்பில் அதைப் பறித்துக்கொண்டது. இடதுகால் ஷூவை நானே ஆத்திரத்தில் பின்னாலேயே விட்டெறிந்தேன். ஒற்றை ஷூவை வைத்துக்கொண்டு என்ன செய்ய, மாலை போட்டுக் கும்பிடவா? நாற்பத்தொன்பது வயதில் ஒரு பகல் முழுக்க வெறுங்காலோடு மலையிடுக்குக்குள் நடந்தவன் எழுதுவது இது. நான் கோபமாகத்தான் எழுதுவேன்.

அரிசி ஆலைக்கு எந்திரம் பொருத்துவது என் தொழில். பிஜித் தீவில் நவுவா என்ற ஆற்றங்கரை ஊரில் ஒரு ஆலைக்காரர் எங்கள் கம்பெனியில் செட்டு ஒன்று வாங்கியிருந்தார். போய்ப் பூட்டிக் கொடுத்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். நான்கே நாளில் பூட்டினேன். ஓட்டிப் பார்க்க நெல் கொண்டு வாங்க என்றேன். ஆலைக்காரர் மோட்டுவளையைப் பார்த்தார். நெல் இல்லை. நெல் போடுகிற இந்திய வம்சத்தவர்களில் பாதிப் பேர் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். மீதிப் பேர் போவதற்கு வரிசையில் நிற்கிறார்கள். எண்பத்தேழில் இரண்டு முறை ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதையெல்லாம் மறந்து ஜனங்கள் நிமிரும்போது, போன வருஷம் மறுபடியும் துப்பாக்கியோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்திருக்கிறார்கள். அப்புறம் எவன் நாற்று விடுவான்? அது தெரிந்தும் எதற்கு எந்திரம் வாங்கினீர்கள் என்று கேட்டேன். "செங்கா ந லெங்கா" என்றார். கவலை வேண்டாம் என்று அர்த்தமாம். பத்து நாளில் நான் அதிகம் கேட்டது இந்த வார்த்தையைத்தான், அதிகம் எரிச்சல் பட்டதும் இதற்குத்தான்.

என்னைத் தங்க வைத்த வீட்டில் பெருமாள் அண்ணனும் பாப்பம்மாக்காவும் இருந்தார்கள். அண்ணனுக்கு அறுபத்திரண்டு வயது, நெல் விவசாயி. அவருடைய தாத்தா கரும்புத் தோட்டத்துக் கூலியாக மதராஸ் கப்பலில் வந்தவர். அந்த வட்டாரத்தில் முழு வாக்கியம் தமிழ் பேச இந்த இரண்டு பேர்தான் மிச்சம் என்பதால் என்னை அங்கே விட்டிருந்தார்கள். காலையில் ரொட்டி, டின் மீன் குழம்பு. மதியம் ரொட்டி, கருணைக்கிழங்கு மாதிரி ஒரு கிழங்கு. நெல் விளைகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு மூன்று வேளையும் ரொட்டி தின்கிற அநியாயத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

வீட்டு முன்கதவில் மூன்று தாழ்ப்பாள்கள். மூன்றும் மூன்று அளவு. மேலே ஒன்று, இடுப்புயரத்தில் ஒன்று, தரையில் குத்துகிற மாதிரி ஒன்று. கை கழுவ வெளியே போனால்கூட மூன்றையும் திறந்து, திரும்பி வந்து மூன்றையும் போட வேண்டும். நான் ஒன்றை மறந்தால் பாப்பம்மாக்கா அடுப்படியிலிருந்து எழுந்து வந்து போடுவார். "பகல்லயேவாக்கா?" என்று கேட்டேன். "பகல்லதான் வந்தாங்க" என்றார்.

கதையை அண்ணன் சொன்னார். தலைநகர் சுவாவில் துப்பாக்கிக் கலகம் நடந்த கொஞ்ச நாளில் பத்துப் பதினைந்து பையன்கள் கரும்பு வெட்டும் கத்தியோடு வந்திருக்கிறார்கள். உழவு எருது ஜோடியைக் கழுத்துக் கயிற்றோடு ஓட்டிக்கொண்டு போய், ரோட்டு வளைவிலேயே வெட்டித் தின்றுவிட்டார்கள். அதில் ஒருவன் ஜோனே. ஆற்று மேட்டுக் கிராமத்தில் இருக்கிற செமி என்ற பூர்வகுடிப் பெரியவரின் தங்கை மகன். அண்ணன் உழுகிற நிலம் செமியின் குலத்துக்குச் சொந்தம். சந்தைக்கு வருகிற நாளெல்லாம் செமி குடும்பம் தங்குவது இந்த வீட்டில். ஜோனே பாப்பம்மாக்கா கையால் சாப்பிட்டு வளர்ந்தவன்.

"வெதநெல்லு மூட்டையக்கூட விடல தம்பி. அதையும் தூக்கிட்டுப் போயிட்டாங்க" என்றார் அண்ணன். பாப்பம்மாக்கா எழுந்து அடுப்படிக்குப் போனார்.

"செமி வந்து கேக்கவே இல்லீங்களா?"

"ஒரு வார்த்த கேக்கல. தப்பு செஞ்சா அவங்கள்ல ஒரு மொற இருக்கு. தம்புவான்னு திமிங்கலப் பல்லு. அதக் கொண்டாந்து வாசல்ல தல குனிஞ்சு உக்காருவாங்க. நாம கையில வாங்குனா மாப்பி குடுத்துட்டோம்னு அர்த்தம். எந்தப் பயலும் வரல. சந்தையில செமி பேச வந்தான். நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்."

சரி, அவர்கள் மகன் நியூசிலாந்தில், ஆக்லாண்டில் இருக்கிறான், அவனோடேயே போய் இருந்துவிட சனிக்கிழமை இருவருக்கும் விமானம், தலைமுழுகிவிட்டுப் போக வேண்டியதுதானே? அதுதான் இல்லை. புதன்கிழமை மலைக்குப் போய்ச் செமியிடம் விடை வாங்க வேண்டுமாம். எனக்கு வந்தது பாருங்கள் கோபம்.

"மாட்டைத் தின்னவங்ககிட்ட உத்தரவு கேக்கோணுமாண்ணா? இது எந்த ஊரு நியாயம்?"

"நெலம் அவங்களுது. எங்கப்பா கேட்டுட்டுத்தான் ஏர் புடிச்சாரு. நான் சொல்லிட்டுத்தான் போவணும். சொல்லாம போனா களவாணிப் பய மாதிரி ஆயிடும். வெட வாங்காம நான் ஏரோப்ளேன் ஏற மாட்டேன்."

திங்கட்கிழமை அவர்களோடு சுவாவுக்குப் போனேன். சுவாவைத் தாண்டி நசினுவில் அவர்கள் மகள் வீட்டில் சாப்பாடு. சாப்பாடு நன்றாக இருந்தது; அங்கே போன மினிபஸ்ஸில் போட்ட பாட்டில் என் காது இன்னும் அடைத்தேதான் இருக்கிறது. மகளுக்குத் தமிழில் "வாங்க" மட்டும் தெரியும். மீதியெல்லாம் ஹிந்தி. சுவாவில், நாட்டை விட்டுப் போகிறவர்கள் போலீஸ் சான்றிதழ் வாங்க வரிசை. "இவர் மேல் குற்றம் எதுவும் இல்லை" என்று எழுதித் தருகிற காகிதம் அது. வரிசையில் நின்ற எல்லாரும் வீட்டைக் கொடுத்தவர்கள், மாட்டைக் கொடுத்தவர்கள், வேலையைக் கொடுத்தவர்கள். கொள்ளை கொடுத்தவன் தான் யோக்கியன் என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு போக வேண்டும். கொள்ளையடித்தவனுக்கு எந்த வரிசையும் கிடையாது. நான் இதைச் சத்தமாகவே சொன்னேன். தமிழில் சொன்னதால் யாரும் திரும்பவில்லை.

புதன் விடிந்ததும் படகில் கிளம்பினோம். அண்ணன் மடியில் நங்கோனா வேர்க்கட்டு. அதை இடித்துக் கரைத்துக் குடிப்பதுதான் அந்த நாட்டுச் சடங்குகளுக்கெல்லாம் முதல். செய்தித்தாளிலும் பிளாஸ்டிக்கிலும் சுற்றியிருந்தார். பாப்பம்மாக்காவும் வந்தார். வேண்டாம் என்று அண்ணன் இரண்டு தடவை சொன்னார், நான் மூன்று தடவை சொன்னேன். "எனக்கும் மேல ஒரு வேல இருக்கு" என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டார். இடுப்பில் ஒரு துணி முடிச்சு. வழிக்குத் தின்பண்டம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர் வரைக்கும் படகு போகும் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டாவது பாய்ச்சலிலேயே படகு மோட்டாரின் விசிறியைப் பிடித்திருக்கும் முளை ஒடிந்தது. ஒரு மெக்கானிக் நான் எதிரே உட்கார்ந்திருக்கிறேன், என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? படகுக்காரன் ஒரு ஆணியைச் செருகினான். அதுவும் ஒடிந்தது. இன்னொரு ஆணி இல்லை. எங்களைக் கூழாங்கல் திட்டில் இறக்கிவிட்டு, "செங்கா ந லெங்கா" என்று சிரித்துக்கொண்டே தண்ணீர் போன போக்கில் போய்விட்டான்.

"எவ்வளவு தூரம்ணா?"

"கிட்டத்தான்."

எங்கள் பக்கத்திலும் கூப்பிடு தூரம் என்பார்கள். கூப்பிட்டால் கேட்காது. எட்டு மணிக்கு நடக்க ஆரம்பித்தோம். ஊர் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தாகப் போகிறது.

முதல் ஒரு மணி நேரம் ஆறு அகலமாக, யோக்கியமாக இருந்தது. அப்புறம் இரண்டு பக்கமும் கரும்பாறை நெட்டுக்குத்தாக எழுந்து கிட்டே வந்தது. பாறை முழுக்கப் பாசி, பெரணி. மேலே பார்த்தால் வானம் வேட்டிக் கரை அகலத்துக்குத்தான் தெரிந்தது. கரை என்று ஒன்று இல்லை. இந்தப் பக்கம் திட்டு முடிந்தால் ஆற்றில் இறங்கி அந்தப் பக்கம் ஏற வேண்டும். அங்கே முடிந்தால் மறுபடி இந்தப் பக்கம். தண்ணீர் முட்டி, தொடை, இடுப்பு என்று மாறி மாறி வந்தது. நான்காவது தடவை இறங்கியபோதுதான் ஷூ போனது. ஷூவோடு நானும் போயிருப்பேன். பாப்பம்மாக்கா என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் பாறையில் போட்டார். ஒரு கையால் என்னைப் பிடித்தவர், இன்னொரு கையால் இடுப்பு முடிச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பட்சணத்த விட்டுட்டு ரெண்டு கையாலயும் புடிக்கக் கூடாதாக்கா?"

"ஒன்ன விட்டாலும் விடுவேன் மிஸ்திரி, இத விட மாட்டேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆயிரம் இருந்தாலும் விருந்தாளி நான்.

எழுந்து நிற்கப் பக்கத்தில் இருந்த செடியைப் பிடித்தேன். ஊரில் காஞ்சொறி என்போமே, அதற்குப் பெரியப்பன் அது. கை நெருப்பாய் எரிந்தது. தண்ணீரில் முக்கப் போனேன். "தண்ணி பட்டா இன்னும் எரியும்" என்று அண்ணன் கத்தினார். இடுப்பளவு ஆற்றில் இறங்கி நடந்துகொண்டே கையைத் தண்ணீர் படாமல் வைத்துக்கொள்ள வேண்டும். மிச்ச நாள் முழுக்கக் கும்பிடு போடுகிறவன் மாதிரி ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

அருவிகள் இரண்டு பக்கமும் விழுந்தபடியே இருந்தன. பதினேழு வரை எண்ணினேன். அப்புறம் எண்ணுவதே வெறுத்துப் போயிற்று. குற்றாலத்தில் ஒரு அருவியை வைத்துக்கொண்டு எத்தனை கடை, எத்தனை எண்ணெய்ச் சட்டி, எத்தனை மிளகாய் பஜ்ஜி! இங்கே பதினேழு அருவிக்கு ஒரு டீக்கடை கிடையாது. ஒரு பாறைக்கடியில் உட்கார்ந்து ஊறிப்போன ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் தின்றோம். அந்த நேரத்தில் மேலேயிருந்து ஒரு ரப்பர் படகு குதித்து வந்தது. மஞ்சள் தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள் ஆறு பேர். ஒரு அம்மாள் எங்களைப் பார்த்து, "எவ்வளவு அழகு!" என்று ஆங்கிலத்தில் கூவிக் கை ஆட்டினார். என் கையைப் பார்த்திருந்தால் கூவியிருக்க மாட்டார். துடுப்புப் போட்ட பிஜிக்காரப் பையன் அண்ணனிடம் என்னவோ கேட்க, அண்ணனும் பதில் சொல்ல, பாப்பம்மாக்காவே சிரித்துவிட்டார்.

"என்னங்கண்ணா கேட்டான்?"

"எங்க போறேன்னான். நாட்ட விட்டுப் போறேன்னேன். ஏர்போர்ட்டு அந்தப் பக்கம் தாத்தாங்கறான்."

அதன் பிறகு சிரிக்க ஒன்றுமில்லை. மழை பிடித்தது. தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறமானது. அண்ணன் மேலே பார்த்துவிட்டு, "ஏறு, ஏறு" என்றார். ஆளுயரத்துக்கு மேல் ஒரு பாறை விளிம்பு. அதில் மூன்று பேரும் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். நாங்கள் ரொட்டி தின்ற பாறை முங்கிப் போனதைக் கண்ணால் பார்த்தேன். எனக்குப் பயம். பயம் வந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

"அக்கா, நீங்களாச்சும் சொல்லியிருக்கலாம். எதுக்கு இந்தப் பாடு? மாப்பு கேக்காதவங்களுக்கு மரியாதை என்னத்துக்கு? மேல போனதும் நான் கேக்கறேன் பாருங்க, எருதைத் திங்கறப்ப ருசியா இருந்துச்சாடான்னு."

"நீ கேக்காத மிஸ்திரி. கேக்கறதுக்கு ஆளு இருக்கு."

மழை விட்டு, நீர் கொஞ்சம் இறங்கியபோது அண்ணனின் முழங்கால் மடங்க மறுத்தது. திரும்பிவிடலாம் என்றேன். பாப்பம்மாக்கா ஒரு மூங்கிலை ஒடித்து அவர் கையில் கொடுத்து, மறு கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். கடைசி இரண்டு மைல் அந்த அம்மாள்தான் முன்னால். ஐம்பத்தெட்டு வயது. நான் பின்னால் வெறுங்காலோடு கூழாங்கல்லைத் திட்டிக்கொண்டே போனேன்.

ஆறு ஒரு முழங்கை மடங்கியதும் பாறை விலகி வெளிச்சம் வந்தது. மேட்டில் பத்துப் பதினைந்து வீடுகள். ஏறுகிற பாதையோரம் நான்கு பாத்தி நெல். கதிர் சாய்ந்து நிற்கிறது. நவுவா முழுக்க ஓட்டிப் பார்க்க ஒரு மூட்டை நெல் கிடைக்காத எனக்கு, இந்தப் பொந்துக்குள் நெல்! "ஏனுங்கண்ணா, இவங்க நெல்லுப் போடுவாங்களா?" என்றேன். "எப்பயும் போட்டதில்ல" என்று அண்ணனும் புருவத்தைச் சுருக்கினார். பாப்பம்மாக்கா பாத்தியோரம் நின்று ஒரு கதிரைக் கையில் ஏந்திப் பார்த்தார். வெகுநேரம் நகரவில்லை. அசதி என்று நினைத்தேன்.

ஈரம் மாற்றிக்கொள்ளத் துணி கொடுத்தார்கள். கூடத்தில் பாய் விரித்திருந்தது. செமி நரைத்த சுருட்டை முடிக்காரர், அகன்ற முகம். அவர் பின்னால் நாலைந்து பேர். கடைசியில் இருபத்திரண்டு வயசு இருக்கும் ஒருவன், தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன்தான் ஜோனே என்று கேட்காமலே தெரிந்தது. அண்ணன் வேர்க்கட்டை இரண்டு கையாலும் முன்னால் தள்ளி, தாழ்ந்த குரலில் அவர்கள் மொழியில் விடை கேட்டார். செமி கட்டைத் தொட்டு, ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் கையைக் குவித்து மெதுவாகத் தட்டினார். பிறகு பேச ஆரம்பித்தார். அண்ணன் என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

"நீ போறது எங்களுக்கு நஷ்டம்ங்கறான். நம்ம நடுவுல ஒரு கசப்பும் இல்லங்கறான். இருந்தது போன வருஷமே கழுவிப் போச்சாம். ஒங்க வீட்டு வெதநெல்ல..." அண்ணன் நிறுத்தினார். "வெதநெல்லா?" என்று தமிழிலேயே செமியைக் கேட்டார்.

அப்போதுதான் பாப்பம்மாக்கா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். இடுப்பு முடிச்சை அவிழ்த்தார். நாள் முழுக்க நான் பட்சணம் என்று நினைத்தது, மஞ்சள் பூத்த ஒரு திமிங்கலப் பல். இரண்டு முனையிலும் துளையிட்டுத் தென்னங்கயிறு கட்டியது. அதைப் பாயின் நடுவில் வைத்தார். அவர்கள் மொழியில் ஒரு வாக்கியம் பேசுவார். அதையே தமிழில் ஒரு முறை சொல்வார்.

"மிஸ்திரி, நீயும் கேட்டுக்க. மாட்ட ஓட்டிட்டுப் போன நாலாம் நாளு இவங்க அஞ்சு பேரு எங்க கேட்டாண்ட வந்து உக்காந்தாங்க. நல்ல மழ. இவரு சுவா போயிருந்தாரு. நான் ஒருத்திதான் உள்ள. ஜன்னல் இடுக்குல பாத்தேன். நடுவுல இந்த ஜோனே. செமி கையில துணி சுத்துன சாமான். நான் கத்தின்னு நெனச்சேன். தல குனிஞ்சு உக்காந்தா மாப்பி கேக்கறாங்கன்னு எனக்குத் தெரியாதா? இங்கயே பொறந்தவ. தெரியும். லேக்கின் பயத்துல தெரிஞ்சதெல்லாம் மறந்து போச்சு. கதவ ஒரு முழம் தொறந்து, கால்ல தட்டுன மூட்டைய வெளிய தள்ளுனேன், எடுத்துக்கிட்டுப் போயிடுங்கடான்னு. அது வெதநெல்லுன்னுகூட பாக்கல. இவங்க கை தட்டி, மூட்டையத் தலையில வச்சிட்டு, இந்தப் பல்லப் படியில வச்சிட்டுப் போயிட்டாங்க. அப்பறந்தான் எனக்கு வெளங்குச்சு."

மீதி எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வெதநெல்லையே தூக்கிக் கொடுத்தாள் என்றால் எப்பேர்ப்பட்ட மன்னிப்பு என்று அந்த ஊர் ஒரு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. அதைத் தின்னக் கூடாது என்று விதைத்துக் காத்திருக்கிறது. வழியில் பார்த்த நான்கு பாத்தி அதுதான்.

"நான் குடுத்தது மாப்பி இல்ல" என்றார் பாப்பம்மாக்கா. "பயம். நீங்க பயத்த மாப்பின்னு எடுத்துக்கிட்டுப் போயிட்டீங்க. அதத் திரும்ப வாங்கத்தான் வந்தேன்."

அண்ணன் மனைவியின் பக்கம் திரும்பினார். "எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"என்னன்னு சொல்லுவேன்? அவங்க மொறையா வந்தாங்க, நான் கதவ மூடிக்கிட்டேன்னா? வெக்கம். இன்னொன்னும் இருக்கு. ஒங்க கோவம் எறங்கிட்டா இந்த ஊர விட்டு நீங்க கெளம்ப மாட்டீங்க. எனக்குக் கெளம்பணும். எனக்கு இங்க தூக்கம் வரல."

செமி பல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு பேசினார். அண்ணன் மொழிபெயர்த்தார். "இது எங்ககிட்ட திரும்பி வந்துட்டா, வெட குடுக்கற யோக்கியத எங்களுக்கு இல்லங்கறான்."

"சனிக்கெழம எங்களுக்கு ஏரோப்ளேன்" என்றார் பாப்பம்மாக்கா. "இங்க நான் விருந்தாளி. விருந்து வந்த எடத்துல கோவப்பட முடியாது, மாப்பியும் குடுக்க முடியாது. எங்கூட்டு கேட்டுக்கு வாங்க. தொறக்கறேனா இல்லையான்னு அங்க பாத்துக்கலாம்."

அண்ணனுக்காகவும் அக்காவுக்காகவும் நியாயம் கேட்பதாக நான் நாள் முழுக்கக் கத்திக்கொண்டு வந்தேன். நியாயம் அந்த அம்மாள் இடுப்பிலேயே இருந்திருக்கிறது. என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

வியாழனன்று மூங்கில் தெப்பத்தில் எங்களை இறக்கிவிட்டார்கள். ஒன்பது மணி நேரம் ஏறிய இடுக்கை மூன்று மணி நேரத்தில் கடந்தோம். அந்த அநியாயத்தைப் பேசக்கூட அங்கே ஆளில்லை. அண்ணன் மனைவியின் பக்கம் திரும்பவேயில்லை. ஊர் தெரியத் தொடங்கியபோது ஒன்றே ஒன்று சொன்னார்: "வெதநெல்லு களவு போச்சுன்னு போலீசுல எழுதிக் குடுத்தேனே. நான்தான்டி இப்ப பொய்ப் புகார் குடுத்தவன்." பாப்பம்மாக்கா புடவைத் தலைப்பால் அவர் முழங்காலைத் துடைத்துவிட்டார். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்தார்கள். முதல் நாளே இறங்கி வந்து சந்தைக் கொட்டகையில் படுத்திருந்தார்களாம். அதே ஐந்து பேர். கேட்டுக்கு வெளியே ஈர மண்ணில் சம்மணமிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்தார்கள். நடுவில் ஜோனே. இந்தத் தடவை பல் அவன் கையில்.

உள்ளே மூன்று தாழ்ப்பாளும் போட்டிருந்தது. பாப்பம்மாக்கா ரேடியோவைப் போட்டுவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். ஹிந்திப் பாட்டு ஓடியது. அரை மணி ஆயிற்று. ஒரு மணி நேரம் ஆயிற்று. மழை வந்தது. அவர்கள் அசையவில்லை. அண்ணன் ஜன்னலுக்கும் பெட்டிக்கும் நடந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, மழையில நனையறாங்க. வயசானவரு வேற. தொறந்து ஒரு வார்த்தை சொல்லீருங்க. இல்லாட்டிப் போகச் சொல்லீருங்க. இது என்னக்கா கொடுமை?"

"அன்னிக்கும் இந்தப் பாட்டுதான் ஓடிச்சு மிஸ்திரி. அவங்களுக்குக் கேட்டுடப் போவுதுன்னு சத்தத்தக் கொறச்சு வச்சிக்கிட்டு, மதியச் செய்தி வர்ற வரைக்கும் இந்தக் கதவுக்குப் பின்னாடி நின்னு நடுங்குனேன். நான் நடுங்குன நேரம் அவங்க உக்காரட்டும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். பத்து நாளில் முதல் தடவையாக.

பன்னிரண்டு மணிக்குச் செய்தி ஆரம்பித்தது. பாப்பம்மாக்கா ரேடியோவை நிறுத்தினார். மேல் தாழ்ப்பாள், நடுத் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள் என்று ஒவ்வொன்றாக எடுத்தார். இரண்டு கதவையும் சுவர் வரைக்கும் தள்ளித் திறந்தார். முற்றத்துச் சேற்றில் செருப்பில்லாமல் நடந்து போய்க் கேட்டையும் திறந்தார்.

ஜோனே பல்லை நீட்டி அவர்கள் மொழியில் ஏதோ சொன்னான். அண்ணன் எனக்கு மொழிபெயர்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. பாப்பம்மாக்கா குனிந்து இரண்டு கையாலும் பல்லை வாங்கிக்கொண்டார். குவித்த கைகள் மெதுவாகத் தட்டின. செமி நிமிர்ந்து சிரிக்கப் பார்த்தார். பாப்பம்மாக்கா சிரிக்கவில்லை. அவர்களிடம் ஒரு முறை சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"மாப்பி ஒங்களுக்கு. வாங்கிக்குங்க. கோவம் என்னுது. அத நான் ஆக்லாண்டுக்கு எடுத்துக்கிட்டுப் போறேன்."

செமி தலையாட்டினார். பாப்பம்மாக்கா ஜோனேயின் நனைந்த தலையை ஒரு முறை பார்த்துவிட்டு, "உள்ள வா, ரொட்டி இருக்கு" என்று வீட்டுக்குள் போனார். விடை அதற்குப் பிறகுதான் கிடைத்தது.